இடுப்பு ஜவ்வு விலகலும் நுண்துளை அறுவை சிகிச்சையும்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடுப்பு வலியை அறியாத குடும்பம் நம்மிடையே இல்லை எனலாம். மூட்டை தூக்குவோர், தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்போர், கடையில் நின்றபடியே வியாபாரம் செய்வோர், வாகனம் ஓட்டுவோர், வீட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் பெண்கள் என அனைவரையும் தொடும் துன்பம் இது. அவர்களுள் சிலருக்கு வலி இடுப்போடு நிற்பதில்லை. பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாக ஓடி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்னல்போல் வெட்டுகிறது. ஸ்கேன் எடுத்தவுடன், "ஜவ்வு விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்ற சொல் வருகிறது. அதன் பின்னாலேயே, "பெரிய கீறல் இல்லை, சிறு துளைதான், விரைவில் வீடு திரும்பலாம்" என்ற சொல்லும் வருகிறது.

அந்நேரத்தில் ஒரு குடும்பம் தவிக்கும் தவிப்பை நாம் அறிவோம். சம்பாதிப்பவர் படுக்கையில் கிடக்கிறார். நகையை அடகு வைப்பதா, உறவினரிடம் கடன் கேட்பதா, ஜமாஅத்திடம் விண்ணப்பிப்பதா என்று வீட்டார் கலங்குகின்றனர். அந்தக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு சரியானதாக அமைய வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். எண்டோஸ்கோப் கருவியைக் கொண்டு செய்யப்படும் நுண்துளை அறுவை நல்லதொரு முறையாகும். ஆயினும், துளை சிறியது என்பது அறுவை செய்துகொள்வதற்குக் காரணமாகாது. அறுவை தேவையா என்பது முதற்கேள்வி. எந்த வழியில் செய்வது என்பது அடுத்த கேள்வி. அடுத்த கேள்விக்கான விடை கவர்ச்சியாக இருப்பதால் முதற்கேள்வியை நாம் மறந்துவிடலாகாது.

ஜவ்வு என்பது யாது?

நமது கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஈரெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ளதே டிஸ்க். இதனை மக்கள் ஜவ்வு என்கின்றனர். இதன் வெளிப்புறம் உறுதியான நார்களால் பின்னப்பட்ட வளையம். உட்புறம் கூழ் போன்ற மென்பொருள். வயதாலும், பாரத்தாலும், பிறவி அமைப்பாலும் வெளி வளையத்தில் விரிசல் ஏற்படும்போது உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாகப் பிதுங்குகிறது. "ஜவ்வு விலகியது" என்று சொன்னாலும் உண்மையில் டிஸ்க் முழுதாக இடம் பெயர்வதில்லை. ஆகவே, அதைப் பிடித்துத் தள்ளிப் பழைய இடத்தில் பொருத்திவிடலாம் என்பதும் இயலாத காரியம். பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், இடுப்பை வலிந்து முறுக்குவதும் தீங்கையே விளைவிக்கக்கூடும்.

பிதுங்கிய பகுதி அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்தத்தோடு அழற்சியும் சேர, அந்த நரம்பு செல்லும் பாதை முழுவதும் வலியும் மரமரப்பும் பரவுகின்றன. இதனையே சயாட்டிகா என்கிறோம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விலகல்கள் இடுப்பின் கடைசி இரு டிஸ்க்குகளிலேயே நிகழ்கின்றன. அதனால்தான் வலி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே பாதம்வரை இறங்குகிறது. ஐந்தாம் இடுப்பு நரம்பு பாதிக்கப்பட்டால் கால் பெருவிரலை மேலே தூக்குவது கடினமாகிறது. அதற்குக் கீழுள்ள நரம்பு பாதிக்கப்பட்டால் முன்பாதத்தை ஊன்றி எம்பி நிற்பது கடினமாகிறது. மருத்துவர் காலைத் தூக்கிப் பார்ப்பதும், விரலை எதிர்த்துத் தள்ளச் சொல்வதும் இவற்றை அறிவதற்காகவே.

ஸ்கேன் அறிக்கையும் நோயும்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் "டிஸ்க் பிதுக்கம்" என்ற சொல்லைக் கண்டதும் அஞ்சிவிடுகிறோம். ஓர் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்த கட்டுரையொன்று 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இருபது வயதினருள் 30 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினருள் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க்கில் புடைப்பு காணப்பட்டது. அவர்கள் யாவரும் வலியின்றி நடமாடியவர்கள். தலைமுடி நரைப்பது போல் டிஸ்க்கும் வயதாகிறது என்பதே இதன் பொருள்.

ஆதலால் ஸ்கேன் படத்துக்கு அறுவை செய்வதில்லை. நோயாளிக்கே அறுவை செய்கிறோம். காலில் எந்தப் பகுதியில் வலி, எந்தத் தசையில் பலவீனம், எந்த இடத்தில் உணர்வுக் குறைவு ஆகியவை படத்தில் அழுத்தப்பட்டுள்ள நரம்போடு பொருந்தினால் மட்டுமே அந்த டிஸ்க்கைக் குற்றவாளியாகக் கருதலாம். நடுமுதுகில் மட்டும் வலித்து, காலில் எதுவும் இல்லாதவருக்கு டிஸ்க் அறுவையால் பலன் கிடைப்பது அரிது. நம்மிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால் இன்னொன்றையும் கூறுகிறோம். இரு பாதங்களிலும் எரிச்சலும் மரப்பும் இருந்தால் அது சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். டிஸ்க் அறுவை அதைக் குணப்படுத்தாது.

பொறுத்திருப்பதன் பலன்

விலகிய டிஸ்க் தானே சுருங்கும் என்றால் பலர் நம்ப மறுக்கின்றனர். ஆனால் அது உண்மை. வெளியே வந்த கூழை உடல் அயற்பொருளாகக் கருதி, தன் பாதுகாப்பு அணுக்களை அனுப்பி மெல்ல மெல்லக் கரைக்கிறது. வியப்பு என்னவெனில், சிறு புடைப்பைவிட முற்றிலும் பிய்ந்து வெளியேறிய துண்டே அதிகமாகக் கரைகிறது. "பெரிய விலகல்" என்ற சொல் கேட்டவுடன் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்து நாட்டில், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் சயாட்டிகாவால் அவதியுற்ற 283 பேரிடம் ஆய்வு ஒன்று நடைபெற்றது. அதன் முடிவு 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்யத் திட்டமிடப்பட்டது. மறு பிரிவினர் மருந்துடன் பொறுத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை செய்துகொள்வதாக ஏற்பாடு. உடனே அறுவை செய்துகொண்டோர் விரைவாக வலி நீங்கப் பெற்றனர். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் நலமடைந்திருந்தனர். பொறுத்திருந்த பிரிவில் 39 சதவீதத்தினர் இறுதியில் அறுவையை நாட நேர்ந்தது. ஏனையோர் கத்தி படாமலேயே தேறினர்.

இதிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. ஆபத்தான அறிகுறி இல்லாதவர் ஆறு வாரங்களேனும் பொறுத்திருப்பது அறிவுடைமை. அதே வேளையில், வலி தாங்க முடியாமல், உறக்கமும் தொழிலும் கெட்டு, வாரங்கள் கடந்தும் தேறாதவர் அறுவையை நாடினால் அது அவசரமும் அன்று, பலவீனமும் அன்று. விரைவாக நலம் பெறுவதும் ஒரு பலனே.

பொறுத்திருத்தல் என்றால் படுத்தே கிடத்தல் அன்று. சயாட்டிகாவுக்குப் படுக்கை ஓய்வு தனிப்பலன் எதையும் தருவதில்லை என 1999ஆம் ஆண்டிலேயே ஆய்வு காட்டியுள்ளது. வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாட வேண்டும். பாரம் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி செய்ய வேண்டும். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். நரம்பைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் வலியைத் தணிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் அதன்பின் சர்க்கரை அளவைக் கவனித்துவர வேண்டும்.

பொறுத்திருக்கவே கூடாத நிலை

இப்போது கூறுவதை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெண்களுக்கும் முதியோருக்கும் எடுத்துரைக்க வேண்டும். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போல் கொத்தாகத் தொங்குகின்றன. பெரிய விலகல் ஒன்று அந்தக் கொத்தையே நசுக்கினால் சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கும்.

சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது அறியாமல் கசிதல். மலத்தை அடக்க இயலாமை. ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை ஆகிய பகுதிகளில் உணர்வு மரத்துப்போதல். இரு கால்களும் ஒருங்கே பலவீனமடைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது அவசர நிலை. அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அழுத்தத்தை அகற்றத் தாமதமாகுந்தோறும் இழந்த கட்டுப்பாடு திரும்பி வரும் வாய்ப்பு குறைகிறது. இவ்விடங்களைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு நாள்களைக் கடத்துவோர் உண்டு. அந்த வெட்கம் வாழ்நாள் துன்பமாகிவிடலாம். கழுவும்போது உணர்வில் மாற்றம் தெரிந்தால் மறைக்காமல் கூற வேண்டும்.

அடுத்து, பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் இழுபடுவது, காலிலிருந்து செருப்பு தானே நழுவுவது, பலவீனம் நாளுக்கு நாள் கூடுவது ஆகியவையும் விரைந்து சிறப்பு மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகளே. காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய வலி ஆகியவை டிஸ்க் அல்லாத வேறு நோயைக் குறிக்கக்கூடும்.

பெரிய கீறலிலிருந்து சிறு துளை வரை

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே கால் வலிக்குக் காரணம் என்று மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர். அவர்களது கட்டுரை 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்னர் அப்பிதுக்கத்தைக் கட்டி என்றே பலரும் கருதினர். அக்கால அறுவையில் முதுகை நீளக் கீறி, தசைகளை எலும்பிலிருந்து பிரித்து, எலும்பின் ஒரு பகுதியை அகற்ற வேண்டியிருந்தது.

1977ஆம் ஆண்டில், துருக்கியில் பிறந்து சூரிச் நகரில் பணியாற்றிய யாசர்கில் என்பவரும், ஜெர்மனியின் காஸ்பர் என்பவரும், நுண்ணோக்கியின் துணையால் சிறிய கீறல் வழியே இவ்வறுவையைச் செய்யும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். இன்றளவும் மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக விளங்குவது இந்த நுண்ணோக்கி அறுவையே.

இதற்கு இணையாக வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. பின்புறமாகச் செல்லாமல் பக்கவாட்டிலிருந்து டிஸ்க்கை அடைய இயலுமா என்று ஆராய்ந்தவர்களுள் முன்னோடிகள் அமெரிக்காவில் பர்விஸ் காம்பின், ஜப்பானில் ஹிஜிகாட்டா ஆகியோர். நரம்புக்கும் எலும்புக்கும் இடையே பாதுகாப்பாகக் கருவி நுழையத்தக்க முக்கோண இடைவெளி ஒன்று உண்டு. அது இன்றும் "காம்பின் முக்கோணம்" என்றே வழங்குகிறது. 1990களில் அமெரிக்காவின் அந்தோனி யூங், ஜெர்மனியின் ஹூக்லண்ட் போன்றோர் இவ்வழிக்கேற்ற எண்டோஸ்கோப் கருவிகளையும் முறைகளையும் உருவாக்கினர்.

அறுவை நடைபெறும் முறை

நோயாளியைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்து, அறுவை அரங்கிலுள்ள எக்ஸ்ரே கருவியால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கின்றனர். இடுப்பின் பக்கவாட்டில் மரப்பு ஊசி போட்டு, நீண்ட ஊசியை அந்த முக்கோணம் வரை செலுத்துகின்றனர். அதன்மேல் படிப்படியாகப் பருமனான குழாய்களை நுழைத்து வழியை விரிக்கின்றனர். தசை வெட்டப்படாமல் விலக்கப்படுகிறது. இறுதியில் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் கீறலில், விரலினும் மெல்லிய குழாய் வழியே எண்டோஸ்கோப் உள்ளே செல்கிறது. அதன் முனையில் ஒளியும் பார்வை ஆடியும், உள்ளே சிறு இடுக்கி செல்லும் பாதையும் உண்டு. உப்புநீர் தொடர்ந்து பாய்ந்து இரத்தத்தைக் கழுவிக் காட்சியைத் தெளிவாக்குகிறது. திரையில் பார்த்தபடியே, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் மருத்துவர் எடுத்துவிடுகிறார். டிஸ்க் முழுவதும் அகற்றப்படுவதில்லை.

இவ்வழியில் நோயாளி விழித்திருக்கும் நிலையிலேயே அறுவை செய்ய இயலும். நரம்பு தொடப்பட்டால் அவரே "கால் சுண்டுகிறது" என்று கூறிவிடுவார். முழு மயக்கம் தாங்காத இதய நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இது பெரும் வசதி. எனினும், கடைசி டிஸ்க்கை அடையச் சிலருக்கு இடுப்பெலும்பின் விளிம்பு பக்கவாட்டில் தடையாக நிற்கும். அவர்களுக்குப் பின்புறமாக, எலும்புத் தகடுகளின் இடைவெளி வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்துகின்றனர். அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கமோ தண்டுவட ஊசியோ தேவைப்படும்.

நன்மையும் வரம்பும்

எண்டோஸ்கோப் முறையையும் நுண்ணோக்கி முறையையும் 613 நோயாளிகளிடம் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டின் முடிவில் எண்டோஸ்கோப் முறை கால் வலியைப் போக்குவதில் பின்தங்கவில்லை. சற்று முன்னணியிலும் இருந்தது. ஆயினும் வேறுபாடு சிறிதே. இரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவு. ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. இம்முறையைப் புதிதாகக் கற்றுக்கொண்ட மருத்துவர்களின் தொடக்க அறுவைகளை ஆய்வாளர்கள் முதன்மைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்தனர். இக்கலை கைவரப் பல அறுவைகள் செய்து பழக வேண்டும் என்பதை இதனால் உணரலாம். கருவியின் பெயரைவிடக் கையின் பயிற்சியே பெரிது.

குறைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். எந்த முறையில் செய்தாலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்கக்கூடும். துண்டு முழுமையாக வெளிவராமல் தங்கிவிடலாம். நரம்பு உறை கிழியலாம். சில வாரங்கள் காலில் எரிச்சல் தோன்றலாம். அரிதாகத் தொற்று ஏற்படலாம். நீண்டநாள் மரப்பும் பலவீனமும் வலியைப்போல் விரைவாக நீங்குவதில்லை. மேலும், எலும்பு நழுவியிருத்தல் போன்ற சில நிலைகளில் எண்டோஸ்கோப் மட்டும் போதாமல் போகலாம். நுண்ணோக்கி அறுவையே தமக்குப் பொருத்தம் என்று மருத்துவர் கூறினால், பழைய முறை என்று அதை இகழ வேண்டியதில்லை.

கையெழுத்திடும் முன்

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் பின்வரும் கேள்விகளை அடக்கத்தோடும் துணிவோடும் கேளுங்கள்.

1. எனது கால் வலியும் ஸ்கேனில் காணும் விலகலும் பொருந்துகின்றனவா?

2. ஆறு வாரங்கள் மருந்தும் பயிற்சியும் முயன்று பார்க்கலாமா? பொறுத்திருந்தால் எனக்கு ஆபத்து உண்டா?

3. எண்டோஸ்கோப், நுண்ணோக்கி ஆகிய இரண்டில் எனக்கு ஏற்றது எது? காரணம் யாது?

4. இவ்வறுவையைத் தாங்கள் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? இடையில் சிக்கல் வந்தால் மாற்று ஏற்பாடு என்ன?

5. மருந்து, ஸ்கேன், அறை வாடகை உட்பட மொத்தச் செலவு எவ்வளவு? என்னிடமுள்ள காப்பீடு இதற்குப் பொருந்துமா?

நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளார். அவசர அறிகுறி இல்லாதபோது இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் தவறன்று. ஜமாஅத் உதவி கோருவோர் அவ்விரண்டாம் கருத்தையும் இணைத்துத் தந்தால் உதவி உரியவருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும். அவசர அறிகுறி உள்ளவர்களிடம் மட்டும் காகிதங்களைக் கேட்டுக் காலம் கடத்தலாகாது என்பதை நிர்வாகிகளுக்கு அன்புடன் நினைவூட்டுகிறோம்.

அறுவைக்குப் பின்னும் அன்றாட வாழ்விலும்

துளை சிறியது, ஆனால் உள்ளே டிஸ்க்கின் விரிசல் ஆறக் காலம் பிடிக்கும். வலி போய்விட்டதே என்று மறுவாரமே மூட்டை தூக்கினால் மீண்டும் பிதுங்க இடம் கொடுத்தவராவோம். நடப்பது அன்றோ மறுநாளோ தொடங்கலாம். குனிந்து பாரம் தூக்குவதைச் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். பளு வேலைக்குத் திரும்பும் நாளை மருத்துவரே குறிக்க வேண்டும். புகைப்பழக்கம் டிஸ்க்கின் ஊட்டத்தைக் குறைப்பதால் அதை விட்டொழிப்பதும் சிகிச்சையே.

தொழுகை பற்றிப் பலரும் வினவுகின்றனர். கடும் வலியுள்ள நாள்களிலும் அறுவைக்குப் பிந்திய வாரங்களிலும் ருகூஉ, ஸஜ்தாவின் குனிதல் நரம்பை இழுத்து வலியைக் கூட்டலாம். இயலாதவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்க, பிறர் என்ன நினைப்பார்களோ என்று தம்மை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. எவ்வாறு தொழுவது என்பதை ஆலிம்களிடமும், எப்போது பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவரிடமும் கேட்டறிந்து கொள்க. நாற்காலியில் அமர்ந்து தொழும் இளைஞரைக் கண்டால் ஏளனமாக நோக்காமல், அவர் நலம்பெற நாம் துஆச் செய்வோமாக.

சுருங்கக் கூறின், பெரும்பாலோருக்குப் பொறுமையும் பயிற்சியுமே மருந்து. சிலருக்கு உரிய காலத்தில் அறுவை ஓர் அருட்கொடை. மிகச் சிலருக்கு ஓர் இரவின் தாமதமும் பேரிழப்பு. இம்மூன்று பிரிவில் தாம் எதைச் சேர்ந்தவர் என்பதை அறிந்தபின், துளை சிறியதா பெரியதா என்று பேசுவோம்.